கரும்பலகைக்கு முன்னால் – 9: ஏரிக்கரைப் பள்ளியின் வாத்தியார்கள்

கோடம்பாக்கம் என்றால் சினிமா. ஏவி.எம்., விஜயா வாகினி என்று ஸ்டூடியோ பெயர்களைச் சொல்லித்தான் இந்த இடம் நமக்குப் பழக்கம். அவையெல்லாம் 1940களிலும் அதற்குப் பின்னரும் வந்தவை. அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், இது சைதாப்பேட்டையை அடுத்த ஒரு கிராமமாக இருந்தபோது, இங்கே சேரிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. எச்.பி.பி. நினைவுப் பள்ளி என்று பெயர். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரும் 1891-ல் லண்டனில் இறந்துபோனவருமான ஹெலினா பெட்ரோவ்னா பிளாவட்ஸ்கியின் பெயர்ச் சுருக்கம் அது.

சென்ற வாரம் ஊரூரில் அந்தச் சபையின் கர்னல் ஆல்காட் 1894-ல் தொடங்கிய இலவசப் பள்ளியைப் பார்த்தோம். அதன் தங்கைகளில் ஒன்றுதான் கோடம்பாக்கம் பள்ளி. தேனாம்பேட்டையில் தாமோதர் பள்ளி, மயிலாப்பூர்ப் பக்கம் திருவள்ளுவர் பள்ளி, அன்னி பெசன்ட் பள்ளி என்று சில வருடங்களுக்குள் ஐந்து பள்ளிகள் ஆயின. கோடம்பாக்கத்துக்கும் தேனாம்பேட்டைக்கும் நடுவே அப்போது நீளமாக ஓர் ஏரி கிடந்தது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். இன்று பாண்டி பஜாரில் துணி வாங்கப் போகிறவர்கள், அந்த இரண்டு பள்ளிகளுக்கும் இடையே இருந்த தண்ணீரின் மேல்தான் நடக்கிறார்கள்.

ஐந்து பெயர்களில் திருவள்ளுவர் பெயர் என் மனத்தில் தனியாக நிற்கிறது. மற்றவை பிரம்மஞான சபையார் தங்கள் பெரியவர்களை நினைத்து வைத்தவை. வள்ளுவரையோ சேரி மக்கள் காலங்காலமாகத் தங்களவர் என்று சொல்லி வந்தார்கள். தன் வீட்டுப் பெயர் பள்ளிக்கூடப் பலகையில் இருப்பதைப் பார்க்கிற குழந்தைக்கு, அந்த வாசலைத் தாண்டுவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இந்தப் பள்ளிகளை மாற்றுப் பள்ளி என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்குப் பஞ்சமர் என்று அரசாங்கக் காகிதங்கள் குறித்த மக்களின் பிள்ளைகளுக்கு இரண்டே வழிதான். ஒன்று மிஷன் பள்ளி. அங்கே எழுத்தோடு வேதமும் வரும். மற்றது ஊர்ப் பள்ளி. அது அக்கிரகாரத்திலோ கோயில் தெருவிலோ இருக்கும். அந்தத் தெருவுக்குள்ளேயே சேரிப் பிள்ளை கால் வைக்க முடியாது. 1893 பிப்ரவரியில் சென்னை மாகாண அரசு 68-ஆம் எண் ஆணையைப் போட்டது. பஞ்சமர் கல்விக்கான உரிமைச் சாசனம் என்றே அதைச் சொல்வார்கள். அந்த ஆணை கையில் இருந்தும் கதவுகள் திறக்கவில்லை. ஆல்காட், மதமும் போதிக்காமல் சாதியும் கேட்காமல் சேரியின் பக்கத்திலேயே பள்ளி வைத்தார். தமிழ் எழுதப் படிக்க, வரவு செலவுக் கணக்குப் பார்க்க, கொஞ்சம் இங்கிலீஷ், தையல், சமையல். சில வருடங்களில் கற்று முடித்து, பிழைப்புக்குத் துணையாக எடுத்துக்கொண்டு போகட்டும் என்பது அவர் எண்ணம்.

அவருக்கும் இது புதிய வேலை அல்ல. பட்டாளத்துக்குப் போவதற்கு முன், 1850களில், நியூயார்க் அருகே விவசாயப் பள்ளி நடத்தியவர் அவர். 1880-க்குப் பிறகு இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் ஏற்படப் பாடுபட்டார். கொழும்பு ஆனந்தாக் கல்லூரி அந்த வரிசையில் 1886-ல் வந்தது. பள்ளி கட்டுவது அவருக்குக் கைவந்த காரியம். ஆனால் கட்டடத்துக்குள் நின்று பாடம் சொல்ல ஆள்?

சேரிக்குள் வந்து, அந்தப் பிள்ளையின் பலகையைத் தொட்டு, கையைப் பிடித்து ‘அ’ எழுதிக் காட்ட, தங்களை உயர்த்திக்கொண்ட சாதிக்காரர்கள் சுலபத்தில் வரமாட்டார்கள். வந்தாலும் திரும்பிப் போனதும் தலை முழுகுவார்கள். குழந்தை அதைக் கவனிக்காமலா இருக்கும்? அதனால் வாத்தியார் வேலைக்குச் சேரியிலிருந்தே ஆள் எழுந்து வரவேண்டியிருந்தது. அப்படிப் படித்தவர்கள் இருக்கவும் செய்தார்கள். மிஷன் பள்ளியில் நாலு வகுப்பு முடித்தவர்கள், பட்டாளத்தில் இருந்தபோது எழுத்துக் கற்றவர்கள், துரை வீட்டில் பட்லர் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், வீட்டிலேயே சித்த வைத்தியமும் சோதிடமும் படித்த வள்ளுவர் குடும்பத்தார். ஏட்டுச்சுவடியைக் கையில் வைத்திருந்தவர்களைத்தான் எழுத்தறியாதவர்கள் என்று மாகாணம் கணக்கெழுதியது. பயிற்சிப் பள்ளியில் சேரும் பஞ்சமர்களுக்குக் கூடுதல் உதவித்தொகை தருவதாக அந்த 68-ஆம் எண் ஆணை சொன்னது. வாத்தியார் இல்லாமல் பள்ளி இல்லை என்பது அதை எழுதிய அதிகாரிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

இந்த வாத்தியார்களில் ஒருவரின் பெயர் மட்டும் வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது: பி. கிருஷ்ணசாமி. ஆல்காட்டின் பஞ்சமர் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1898-ல் அயோத்திதாசப் பண்டிதரோடு சேர்ந்து, பிரம்மஞான சபை இருந்த அடையாறுக்குப் போய் ஆல்காட்டைச் சந்தித்தார். ‘நாங்கள் பூர்வ பௌத்தர்கள், எங்கள் பழைய தருமத்துக்குத் திரும்ப உதவுங்கள்’ என்பது அவர்கள் கோரிக்கை. அதே வருடம் ஆல்காட்டோடு கொழும்புக்குக் கப்பலேறி, ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் இருவரும் பஞ்சசீலம் ஏற்றார்கள். அதையடுத்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. காலையில் பிள்ளைகளுக்கு நெடுங்கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு வாத்தியார், தன் ஜனங்கள் யார் என்ற கேள்வியைக் கடல் தாண்டி எடுத்துப் போயிருக்கிறார். தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் இவருக்கு ஓர் அத்தியாயம் வேண்டும். நாம் ஒரு வரிதான் கொடுத்திருக்கிறோம்.

இன்னொரு பக்கம் இரண்டு அமெரிக்கப் பெண்கள். 1890களின் கடைசியில் வந்த சாரா பால்மர் தன் நாட்டில் பல வருடம் ஆசிரியையாக இருந்தவர். பள்ளிகளின் மேற்பார்வை அவரிடம் வந்தது. பின்னால் வந்த ஆல்மன் கோர்ட்ரைட் கிண்டர்கார்ட்டன் முறை கற்றவர். இந்தப் பள்ளிகளில் எப்படிப் பாடம் நடக்கிறது என்பதை விளக்கி 1906-ல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் எழுதினார்.

கிண்டர்கார்ட்டன் என்பதை இன்று எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சுருக்கி, மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் இடமாக்கிவிட்டோம். ஜெர்மனியில் 1837-ல் ஃப்ரோபல் நினைத்தது வேறு. முதலில் கையில் கம்பளி நூல் பந்து, அப்புறம் மரத்தில் உருண்டை, கட்டை, உருளை. பிறகு களிமண் பிசைவது, காகிதம் மடிப்பது, பாய்போலப் பின்னுவது. எழுத்து கடைசியில்தான்.

இதை அன்றைய கோடம்பாக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியவர்கள்தான் நம் பாட்டன்மார். மண் பிசைவதும் ஓலை பின்னுவதும் சேரிப் பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே பார்த்த வேலை. வீட்டில் கூலிக்காகச் செய்வது பள்ளியில் பாடமாக வருகிறது. அமெரிக்க அம்மாவுக்கு முறை தெரியும்; தமிழ் அவர் தாய்மொழி இல்லை. வாத்தியாருக்குப் பிள்ளையின் பாஷை தெரியும், அதன் பசி தெரியும், அப்பன் எந்தக் களத்தில் நிற்கிறான் என்று தெரியும்; ஃப்ரோபலைத் தெரியாது. இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் கற்றால்தான் வகுப்பு நடக்கும். மாற்றுக் கல்வி பற்றி நூறு புத்தகம் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்த அறைதான் அதன் உயிர்.

அதே வாத்தியார் தலைக்கு மேல் இன்னொரு பாரமும் இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார். எத்தனை பிள்ளை தேறுகிறதோ அதைப் பொறுத்துத்தான் அரசு மானியம். நடவு நேரத்தில் பாதி வகுப்பு வயலில் இருக்கும். அப்படியும் தன் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை என்று ஆல்காட் பெருமையோடு எழுதினார். அந்தப் பெருமையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள், மேசை நாற்காலி இல்லாமல் பாயில் உட்கார்ந்து பாடம் சொன்னவர்கள்.

1907 பிப்ரவரி 17-ஆம் தேதி ஆல்காட் அடையாறில் காலமானார். ஐந்தில் ஊரூர்ப் பள்ளிதான் ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பெயரோடு இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது. இன்றும் கட்டணம் இல்லை, இன்றும் தமிழ் வழி. கோடம்பாக்கத்தில் அப்படி ஒரு பலகை இல்லை. போன வாரம் ரயிலடியில் இறங்கி, மேம்பாலத்தின் அடியில் வந்து, பவர் ஹவுஸ் வரை நடந்தேன். காலை எட்டே முக்கால். சீருடைப் பிள்ளைகள் ஆட்டோக்களிலும் வேன்களிலும் அடைந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மாநகராட்சிப் பள்ளி வாசலில், பை தோளில் தொங்க, ஒரு டீச்சர் குனிந்து ஒரு சின்னப் பையனின் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

(அடுத்த வாரம்: 1939-ல் அடையாறில் மரியா மாண்டிசோரியிடம் பயிற்சி பெற வந்த ஆசிரியர்கள்)