வனவிலங்கு மீட்பில் தொலைபேசித் தொண்டர்கள்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், கேரள எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் மீனாட்சிபுரம். சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. தென்னந்தோப்புகளும் வயல்களும் வாய்க்கால்களும் நிறைந்த இச்சமவெளிக்குத் தெற்கே ஆனைமலைத் தொடர் உயர்ந்து நிற்கிறது. எலியும் தவளையும் மிகுந்த இடத்தில் பாம்பும் வாழ்வது இயற்கையே. அது வீட்டிற்குள் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்பதே இங்குள்ள குடும்பங்களின் கவலையாகும்.

முன்பெல்லாம் இதற்குத் தடியே விடையாக இருந்தது. அல்லது பாம்பு பிடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி ஆள் ஓடும். இன்று அந்த இடத்தைத் தொலைபேசி பெற்றுள்ளது. 2020-ஆம் ஆண்டில் கேரள வனத்துறை, பாம்புகளை மீட்போர் பயிற்சியும் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டுமென விதிமுறை வகுத்தது. அதனையொட்டி 'சர்ப்ப' என்னும் கைபேசிச் செயலியும் பயன்பாட்டிற்கு வந்தது. பாம்பு காணப்பட்ட இடத்தை இதன்வழி அறிவித்தால், அருகிலுள்ள பயிற்சி பெற்ற தொண்டருக்குச் செய்தி எட்டும். பெருநகரங்களிலும் இத்தகைய ஏற்பாடுகள் உள்ளன. 1995-இல் தொடங்கப்பட்ட வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் அமைப்பு, தில்லியில் இரவு பகலாக மீட்புத் தொலைபேசியை இயக்கி வருகிறது.

மீட்பவர் எவ்வளவு விரைந்தாலும் அவர் வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவேளையில் பெரும்பாலான விபத்துகளைத் தவிர்க்கும் பொறுப்பு, மறுமுனையில் பேசும் தொண்டரையே சார்ந்துள்ளது.

முதல் வினா: எங்கே?

அழைப்பவர் பதற்றத்தில் பாம்பின் நீளத்தையும் நிறத்தையுமே முதலில் கூறுவார். தொண்டர் முதலில் கேட்க வேண்டியதோ இடத்தைத்தான். எல்லைப் பகுதியில் இது இரட்டிப்பு முக்கியத்துவம் உடையது. ஒரு தோப்பு கேரளத்திலும் அடுத்த தோப்பு தமிழ்நாட்டிலும் இருக்கக்கூடும். இரு மாநிலங்களின் வனத்துறைகளும் வேறு வேறு. ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே உரிய நிலையத்திற்குச் செய்தி அனுப்ப இயலும்.

அடுத்து வருவது அமைதிப்படுத்தும் பணி. குழந்தைகளையும் வளர்ப்பு நாய்களையும் அப்புறப்படுத்தச் செய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் மட்டும் பாதுகாப்பான தொலைவில் நின்று, பாம்பு எங்கே செல்கிறது என்பதைக் கவனித்தால் போதும். அறைக்குள் இருக்குமாயின் கதவைச் சாத்தி, கீழிடுக்கில் துணியைச் செருகலாம். குச்சியால் குத்துவதும், வாலைப் பற்றி இழுப்பதும், படமெடுக்க நெருங்குவதும் கூடாது. விலகிச் செல்ல வழியின்றி நெருக்கப்படும் பாம்பே பெரும்பாலும் கடிக்கிறது.

பெயரில் உள்ள இடர்

'விரியன் வந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால், அது எந்த விரியன்? தமிழில் கண்ணாடி விரியனும் விரியன்தான், கட்டுவிரியனும் விரியன்தான். ஆயினும் இவை வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. முன்னதன் நஞ்சு வீக்கத்தையும் இரத்தப்போக்கையும் விளைவிக்கும். பின்னதன் நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சை முடக்கும். மலையாளத்தில் கண்ணாடி விரியனுக்கு அணலி என்றும், கட்டுவிரியனுக்கு வெள்ளிக்கெட்டன் என்றும் பெயர். வெள்ளிவரயன் என்பதோ நஞ்சற்ற வேறொரு பாம்பு. இரு மொழிகள் கலந்து வழங்கும் ஊரில் ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் பொருள் மாறிவிடும்.

எனவே, பெயரைக் கேட்டு 'இது நஞ்சற்றது, அஞ்ச வேண்டாம்' என்று தொலைபேசியில் உறுதி கூறுவது தொண்டருக்கு விலக்கப்பட்ட செயல். நேரில் காணாத பாம்பை நஞ்சுடையதாகவே கருதுதல் வேண்டும்.

கடிபட்டவருக்காக அழைப்பு வந்தால்

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் மாண்டிருக்கலாம் என 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராம மக்கள். இவ்விறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் 2024-இல் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

கடி நேர்ந்துவிட்டது என்று அறிந்தவுடன், பாம்பைப் பற்றிய பேச்சைத் தொண்டர் நிறுத்திவிட வேண்டும். 108 ஊர்திக்குச் சொல்லி, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புவதே முதற்கடமை. மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைக்கச் சொல்லலாம். இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை தீங்கே பயக்கும். பாம்பைத் தேடிப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டியதும் இல்லை. நம் நாட்டில் வழங்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் பொதுவானது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் இம்மருந்துக்கான நஞ்சைச் சேகரித்து வழங்குவது குறிப்பிடத்தக்கது.

வலி இல்லை என்பதால் ஆபத்தில்லை எனக் கொள்ளுதல் தவறு. இரவில் தரையில் உறங்குவோரைத் தீண்டும் கட்டுவிரியனின் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவாகவே இருக்கக்கூடும்.

தொடாமல் காத்தல்

அழைப்புகள் பாம்பைப் பற்றியவை மட்டும் அல்ல. காயமுற்ற மயில், ஓட்டின் மேல் குட்டியிட்ட மரநாய், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு எனப் பலவும் வரும். இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தித் திரிவது பறக்கப் பழகும் பருவத்தின் இயல்பு. தாய்ப்பறவை அருகிலேயே இருக்கும். பூனை அணுகாதபடி அருகிலுள்ள கிளையில் வைத்தால் போதும். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை உண்மையன்று. காயமுற்ற பறவைக்குப் பாலூட்டாமலும் நீர் புகட்டாமலும், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருளாக வைத்தல் நன்று. குரங்கோ வௌவாலோ கடித்தால் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்கு மருத்துவரை நாட வேண்டும்.

ஆனைமலையின் மேற்புறத்திலுள்ள வால்பாறையில் தொலைபேசி வேறொரு வகையிலும் உதவுகிறது. யானைகள் நிற்கும் இடத்தை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, 2011 முதல் குறுஞ்செய்தி வாயிலாகத் தோட்ட மக்களுக்கு அறிவித்து வந்தது. கைபேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளும் அமைக்கப்பட்டன. யானை அருகில் நிற்பதை முன்கூட்டியே அறிந்தவர் வேறு வழியில் செல்வார். மனிதரும் பிழைப்பார், விலங்கும் பிழைக்கும்.

தொண்டருக்கு வேண்டியவை

பாம்பைப் பிடிக்கும் துணிவு இப்பணிக்குத் தேவையில்லை. பொறுமை, தெளிவான பேச்சு, குறிப்பெடுக்கும் பழக்கம், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத நேர்மை ஆகியவையே வேண்டும். இல்லப் பணிகளுக்கிடையே ஓரிரு மணி ஒதுக்கக்கூடிய பெண்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இதற்குப் பெரிதும் தகுதியானவர்கள். எல்லைப் பகுதியில் இரு மொழியும் அறிந்தவரின் தொண்டு விலைமதிப்பற்றது. எல்லா உயிரையும் காக்க இயலாது என்பதைத் தாங்கும் மனவலிமையும், அத்தகைய நாளில் சக தொண்டர்களின் ஆதரவும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

மீட்போருக்குப் பயிற்சி அளிப்பது போலவே, அழைப்பை ஏற்போருக்கும் முறையான பயிற்சி அளித்தல் இன்றியமையாதது. ஊராட்சிகளும் பள்ளிகளும் நூலகங்களும் மீட்பு எண்ணையும் அருகிலுள்ள நஞ்சுமுறி மருத்துவமனையின் பெயரையும் இரு மொழிகளிலும் எழுதி வைத்தால், பதற்றமான நேரத்தில் தடியை எடுக்கும் கை, தொலைபேசியை எடுக்கப் பழகும்.