கனகாம்பரத்தின் உறவும் குண்டுக்கரிச்சானின் உறவும்

சின்ன வயதில் வேலியோரம் பட்டாசுக்காய் பறித்து, எச்சில் தொட்டுப் போட்டு, அது 'பட்'டென்று வெடிப்பதை ரசித்தவர்களுக்கு நீலக்குறிஞ்சியை அறிமுகப்படுத்துவது சுலபம். இரண்டும் ஒரே குடும்பம். அகாந்தேசி என்பது தாவரவியல் பெயர். தலையில் சூடும் கனகாம்பரமும், கஷாயம் வைக்கும் நிலவேம்பும் ஆடாதோடையும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தாம்.

குறிஞ்சி வளர்வது மலையுச்சிப் புல்வெளிச் சரிவில். அதை ஒட்டிய பள்ளத்தில் சோலைக்காடு இருண்டு நிற்கும். நீலகிரியில் அந்த இருட்டுக்குள் ஒரு பாட்டுக்காரப் பறவை உண்டு: நீலகிரி சோலைக்கிளி. பச்சைக்கிளியைத் தேட வேண்டாம்; மலையாளத்தில் எந்தச் சிறு பறவையும் கிளிதான். மேலே சாம்பல் கலந்த கருநீலம், விலாவில் செம்பழுப்பு, வயிற்றின் நடுவே வெள்ளை. நீண்ட கால்களால் சருகில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும்.

குறிஞ்சி தாவர உலகம், இது விலங்கு உலகம். ஆனால் உறவு தேடி அதிகம் அலைந்தது பறவைதான். உருவத்தைப் பார்த்து அதைக் குட்டைச்சிறகன்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணுவைச் சோதித்ததும் அந்த உறவு அறுந்தது; 2017-ல் ஷோலிகோலா என்று தனிப் பேரினமே கொடுக்க வேண்டியதாயிற்று. குடும்பம் நம் தோட்டத்துக் குண்டுக்கரிச்சானுடையது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் இருப்பது வேறு இனம். சிறகிருந்தும் அந்தப் பள்ளத்தைத் தாண்டாமல் பிரிந்துபோன சொந்தம் அது.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நீலகிரி சோலைக்கிளி 'அருகிய இனம்'. குறிஞ்சி அதற்கு ஒரு படி குறைவான ஆபத்தில், 'அழிவாய்ப்புள்ள இனம்'. அந்த மதிப்பீடே 2024-ல்தான் வந்தது. இவ்வளவு பேர்போன பூவுக்கு இவ்வளவு தாமதம்! ஒரு படி வித்தியாசத்தை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. சோலையை வெட்டித் தேயிலை போட்டதில் பறவை துண்டு துண்டுக் காடுகளில் அடைபட்டது. புல்வெளியைச் 'சும்மா கிடக்கிற நிலம்' என்று நினைத்துத் தைலமரமும் சீகையும் நட்டதில் குறிஞ்சி இடமிழந்தது. அங்கே மரம் நட்டதுதான் அழிவு வேலை.

மூணாறு, கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்த முறை 2030. பார்க்கப் போகிறவர்கள் ஒரு கொத்துகூடப் பறிக்காமல் திரும்புங்கள். அந்தச் செடி ஒரே முறை பூத்து, விதை உதிர்த்துச் செத்துப்போகும். பறித்த கொத்திலிருந்து விதை விழாது.