மழை ஆறும் ஓர் அளவுகோலும்

காஞ்சிபுரத்தில் அடைமழை என்பது தொழில் முடங்கும் காலம். குழித்தறிகளில் நீர் கசியும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாது. மழை மாதங்களை இழப்பாகவே கணக்கெழுதிப் பழகிய ஊர் இது. அதே மழையை மூலதனமாகக் கொண்டு பொருளீட்டும் ஊர்களும் உண்டு.

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது கோடஞ்சேரி. தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆகிய சிற்றாறுகள் அங்கே பாறைகளுக்கிடையே நுரைத்து இறங்குகின்றன. 2013-இல் தொடங்கிய 'மலபார் ஆற்றுத் திருவிழா'வில், கயாக் எனப்படும் சிறுபடகில் அமர்ந்து இந்த ஆறுகளில் விரையும் போட்டிகள் நடத்தப்படுகின்றன. வெளிநாட்டு வீரர்களும் பங்கேற்கின்றனர். சிறந்தோருக்கு 'ரேபிட் ராஜா', 'ரேபிட் ராணி' என்ற பட்டங்கள் வழங்கப்படுகின்றன. சுற்றுலாப் பயணியர் வரத்துக் குறையும் மாதங்களில் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் இதனால் வருவாய் கிடைக்கிறது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இதையொத்த போட்டிக்காகச் செயற்கைக் கால்வாயில் நீரை இயந்திரங்கள் கொண்டு இறைக்க வேண்டியிருந்தது. இங்கோ அதை மழை இலவசமாகத் தருகிறது.

ஆனால், இதே நீர் உயிரையும் பறிக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

மலையடிவார ஓடையின் இயல்பே இதற்குக் காரணம். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது, சரிவு செங்குத்தானது, மண்ணும் மழையில் ஊறிவிட்டால், பெய்யும் நீர் தங்க இடமின்றி உடனே கீழிறங்கும். சமவெளி ஆற்றில் வெள்ளம் வர நாள்கணக்காகும். இங்கே சில மணி நேரம், சில வேளைகளில் அதற்கும் குறைவான நேரமே போதும். மலை உச்சியில் மழை கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் அடிக்கலாம். மேலும், நீரின் வேகம் இரு மடங்கானால், அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நீச்சல் தெரிந்தவர்களும் முழங்கால் அளவு நீரில் நிலைதடுமாறுவது இதனால்தான்.

கயாக் வீரர் இதை அறிந்தே ஆற்றில் இறங்குகிறார். தலைக்கவசம், மிதவை அங்கி, கரையில் மீட்புக் கயிற்றுடன் தோழர்கள் ஆகியவை இருந்தாலும், அவருடைய முதல் கேள்வி 'இன்று நீர்மட்டம் எவ்வளவு?' என்பதுதான். ஆற்றின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பது உலக வழக்கம். ஒரே ஓடை நீர்மட்டம் உயரும்போது இரண்டாம் தரத்திலிருந்து நான்காம் தரத்துக்கு மாறிவிடக்கூடும். ஆகவே, விளையாட்டுக்கும் விபத்துக்கும் இடையே நிற்பது துணிவு மட்டுமன்று; தகவலும்தான்.

தமிழகத்துக்கு இது புதிதன்று. காவிரி மாநிலத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. விநாடிக்கு எத்தனை கன அடி என்பதைப் பார்த்தே ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிக்கப்படுகிறது, பின்னர் விலக்கப்படுகிறது. பரிசல் ஓட்டியின் பிழைப்பும் பயணியின் உயிரும் ஓர் எண்ணின் துணையால் காக்கப்படுகின்றன. கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் இறங்கும் சின்னஞ்சிறு ஓடைகளுக்கும் அத்தகைய எண் ஒன்று வேண்டும்.

பொருளியலில் வெள்ள எச்சரிக்கையைப் 'பொதுப்பண்டம்' என்போம். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாது. பணம் தராதவரை விலக்கவும் முடியாது. எனவே, எந்த விடுதி உரிமையாளரும் தனியாக அதற்குச் செலவிட முன்வரமாட்டார். அரசுதான் செய்தாக வேண்டும். மக்கள் குளிக்கும் இடங்களில் பாறையில் வண்ணமிட்ட அளவுகோல், மேல்மலையில் தானியங்கி மழைமானி, கீழே அபாயச் சங்கு, அதை இயக்கப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

தடை விதித்துப் பலகை நடுவது எளிது. ஆனால், ஆண்டு முழுவதும் நிற்கும் தடைப் பலகையை எவரும் படிப்பதில்லை. 'இன்று கூடாது, நாளை பார்க்கலாம்' என்று காரணத்தோடு சொல்லும் அறிவிப்பையே மக்கள் மதிப்பார்கள். அத்தகைய ஏற்பாடு வந்த பிறகே கோடஞ்சேரியைப் போன்ற ஒரு திருவிழாவை நாமும் எண்ணிப் பார்க்கலாம். அந்த வரிசை மாறக்கூடாது.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு எங்கள் ஊருக்கு அருகே திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு, 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியது. மழையால் மட்டுமே வாழும் ஆறுகள் இப்படித்தான் நம்மை மறக்கச் செய்துவிட்டுத் திடீரென்று வருகின்றன. அவற்றை அளந்து வைப்பதே அவற்றோடு விளையாடுவதற்கும் அவற்றிடமிருந்து தப்புவதற்கும் முதற்படி.