பெருநாள் அலங்காரம்: கடைக்குப் போகும் முன் வீட்டைப் பாருங்கள்

நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து, மதியச் சாப்பாடும் ஆனதும் சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கத்து நம் குடும்பங்கள் பல வேன் பிடித்து ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுகின்றன. பிள்ளைகளோடு ஏரியையும் தோட்டங்களையும் பார்த்துவிட்டு இரவு திரும்புவது நல்ல விஷயம்தான். பெருநாள் மகிழ்ச்சிக்குரிய நாள். அதில் மார்க்கம் எந்தத் தடையும் வைக்கவில்லை.

ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்ட ஒரு காட்சி இன்னும் மனதை உறுத்துகிறது. பெருநாள் கழிந்த வாரம் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தின் ஓரமாக நடந்து போனோம். வேலிக்கம்பியில் பச்சை ஜிகினாப் பிறை ஒன்று சிக்கிக் கிடந்தது. அடியில் 'ஈத் முபாரக்' என்ற தெர்மாகோல் எழுத்துகள் நொறுங்கி, வெள்ளை மணிகளாகச் சிதறியிருந்தன. வழியில் போகிறவர் யாரும் இது யார் போட்ட குப்பை என்று விசாரிக்க வேண்டியதில்லை. அந்தப் பிறையே சொல்லிவிடும். நமக்கு வெட்கமாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் பிளாஸ்டிக் கொடியும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடையில் பலூன் குச்சியும், அலங்காரத்துக்கான தெர்மாகோலும் சேர்ந்தன. விற்கிறார்கள் என்பதற்காக அவை அனுமதிக்கப்பட்டவை ஆகிவிடாது.

மலையில் போட்டது மலையோடு நிற்பதும் இல்லை. சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர் பக்கம் ஓடும் சரபங்கா நதியும் சேர்வராயன் மலையில்தான் பிறக்கின்றன. பெருநாளன்று மேலே எறிந்ததை, மழைக்காலத்தில் நம் வீட்டுப் பக்கமே திரும்பக் காண்கிறோம்.

மார்க்கம் காட்டும் வழி

உண்ணலாம், பருகலாம், ஆனால் வீண்விரயம் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை (7:31). இருப்பதைப் பயன்படுத்தும் பழக்கத்துக்கு ஸஹீஹான ஹதீஸ்களில் அழகான முன்மாதிரிகள் உள்ளன.

மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துப் போனது. அந்த வழியாகச் சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்த ஆடு என்று சொன்னபோது, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். பிறர் வேண்டாம் என்று ஒதுக்கியதிலும் அவர்கள் பயனைக் கண்டார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்கள் உருவப்படங்கள் உள்ள திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பாமல் கிழித்துவிட்டார்கள். அன்னையார் அந்தத் துணியைத் தூக்கி எறியவில்லை. அதைக் கொண்டு தலையணைகள் செய்தார்கள்.

என்னென்ன செய்யலாம்?

ரமலான் முப்பது நாளில் நம் சமையலறையில் சேருகிற பொருட்களே போதும்: பேரீச்சம்பழ அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, சர்பத் பாட்டில், பழைய துணி.

பிறை: அட்டையின் மேல் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒரு வட்டம் வரையுங்கள். அதே தட்டை நான்கு விரல் தள்ளி வைத்து இன்னொரு கோடு போட்டால் பிறை கிடைத்துவிடும். காபி டிகாஷனைக் கெட்டியாகப் போட்டு இரண்டு முறை பூசினால் நல்ல பழுப்பு நிறம் வரும். கிழிந்த சேலையின் ஜரிகை ஓரத்தை ஒட்டினால் ஜிகினாவே தேவையில்லை.

நட்சத்திரம்: ஒரே அளவில் இரண்டு சதுரங்களை வெட்டி, ஒன்றின் மேல் மற்றொன்றைச் சாய்வாக ஒட்டினால் எட்டுமுனை நட்சத்திரம். முஸ்லிம் கைவினைஞர்கள் நூற்றாண்டுகளாகப் பள்ளிவாசல் சுவர்களிலும் ஓடுகளிலும் வரைந்த வடிவம் இது. முஸ்ஹஃபில் ஹிஸ்பின் காற்பகுதியைக் காட்டும் குறியும் இதே வடிவம்தான். பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.

தோரணம்: பழைய லுங்கி, துப்பட்டா, சட்டைத் துணிகளை முக்கோணமாக வெட்டி ஒரு கயிற்றில் வரிசையாகத் தைத்துவிடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் காகிதத் தோரணம் ஒரே இரவில் நனைந்து தொங்கிவிடும். துணித் தோரணத்தைத் துவைத்து மடித்து வைத்தால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வரும், அடுத்த ரமலானுக்கும் வரும்.

பூச்சாடி: சர்பத் பாட்டிலைக் கழுவி, உதிர்ந்து கிடக்கும் சில்வர் ஓக் இலைகளைச் செருகுங்கள். காபிக்கு நிழல் தரவும் மிளகுக்கொடி ஏற்றவும் தோட்டங்களில் நட்டிருக்கும் மரம் அது. இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல் இருக்கும். கீழே கிடப்பதை மட்டும் எடுக்க வேண்டும். அடுத்தவர் தோட்டத்தில் கிளை ஒடிக்க நமக்கு உரிமை இல்லை.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் மைதாவைக் கரைத்து, சிறு தீயில் கிளறினால் பசை தயார். செலோ டேப்பும் ஜிகினாத்தூளும் ஒட்டிய அட்டையைப் பழைய பேப்பர்காரர் வாங்கமாட்டார். மறுபயன்பாடு என்று சொல்லிப் புதுக் குப்பையை உண்டாக்கியதுதான் மிச்சமாகும்.

கவனிக்க வேண்டியவை

• அல்லாஹ்வின் பெயரோ குர்ஆன் வசனமோ அச்சிட்ட காலண்டர், திருமண அழைப்பிதழ், நோட்டீஸ் ஆகியவற்றை வெட்டி அலங்காரம் செய்யாதீர்கள். அவை காலில் மிதிபடவும் குப்பைக்குப் போகவும் நேரிடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்து, உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு கண்ணியமாக அப்புறப்படுத்துங்கள்.

• மனித, விலங்கு உருவங்களைத் தவிர்த்துவிடுங்கள். படம் வரைவதே தன் பிழைப்பு என்று சொன்ன ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டினார்கள். பூ, இலை, கோலவடிவங்கள் நமக்குத் தாராளம்.

• காகிதக் கூண்டுக்குள் மெழுகுவர்த்தி வைக்க வேண்டாம். 2024இல் ஏப்ரல் 11 அன்றும், 2025இல் மார்ச் 31 அன்றும் நோன்புப் பெருநாள் வந்தது. மலையில் சருகு காய்ந்து கிடக்கும் காலம் அது. ஒரு பொறி போதும். எல்இடி சீரியல் செட் போட்டு, தூங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

• வேனில் கட்டிய தோரணத்தையும் சாப்பாட்டுப் பையையும் எண்ணிக்கொண்டு ஏறுங்கள், எண்ணிக்கொண்டே இறங்குங்கள். தொல்லை தருவதைப் பாதையிலிருந்து அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மக்தபில் படித்த நாம், பாதையில் தொல்லையைப் போட்டுவிட்டு வரலாமா?

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: பெருநாள் முடிந்ததும் இது எங்கே போகும்? பெட்டிக்குள், பழைய பேப்பர்காரரிடம் அல்லது மண்ணுக்குள் என்று பதில் வந்தால் செய்யட்டும். பதில் தெரியாவிட்டால் அதை விட்டுவிடட்டும்.

ரமலானின் கடைசிப் பத்தில், இரவு வணக்கங்களுக்கு இடையூறு இல்லாமல், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வேலை முடிந்துவிடும். மிச்சமாகும் பணத்தைப் பிள்ளைகள் கையாலேயே ஓர் ஏழை வீட்டுப் பெருநாள் துணிக்குக் கொடுக்கச் செய்யுங்கள். நம் பெருநாள் நமக்கும் மகிழ்ச்சியாக, மலைக்கும் மற்ற மக்களுக்கும் தொல்லை இல்லாததாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.