பசுவின் வயிற்றில் நம் வீட்டுப் பை

தூக்கி எறிந்த பொருள் எங்கே போகிறது என்று கேமராவுடன் பின்தொடரும் டாக்குமென்டரிகள் சட்டத்தைக்கூட அசைத்திருக்கின்றன. பழக்கத்தை அசைப்பதுதான் கடினமாக இருக்கிறது.

டாக்டர் பசுவின் இடது விலாவுக்குப் பின்னால் கத்தியால் கீறுகிறார். முழங்கைக்கு மேல்வரை கையை உள்ளே விடுகிறார். வெளியே வருவது பாலிதீன் பைகள். ஒன்றோடு ஒன்று பின்னி, கயிறாக முறுக்கேறி, அடையாளம் தெரியாமல் கறுத்துப்போன பைகள். கை மறுபடி உள்ளே போகிறது. மறுபடி பைகள். தரையில் குவியல் ஏறிக்கொண்டே போகிறது. பார்ப்பவருக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

2012-ல் வெளிவந்த ‘தி பிளாஸ்டிக் கவ்’ டாக்குமென்டரியில் வரும் காட்சி இது. இயக்கியவர் குணால் வோரா. படத்தின் பின்னணியில் இருப்பது, ஆந்திராவின் புட்டபர்த்தியில் இயங்கும் கருணா சொசைட்டி என்ற பிராணிகள் நல அமைப்பு. தெருவில் திரிந்த மாடுகளைக் கொண்டுவந்து பராமரித்தபோது சில மாடுகள் காரணம் புரியாமல் செத்துப்போயின. அறுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஒரே மாட்டின் வயிற்றில் 50 கிலோ அளவுக்கு பிளாஸ்டிக்.

அது எப்படி உள்ளே போனது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. சமையலறையில் மிஞ்சும் காய்கறித் தோலும் பழைய சாதமும் ஒரு கேரி பேகில் போய்ச் சேர்கின்றன. நாற்றம் வரக் கூடாதென்று பையின் வாயை இறுக்கிக் கட்டுகிறோம். தெருமுனையில் பசு அதை முகர்ந்து பார்க்கிறது. முடிச்சை அவிழ்க்க அதற்குக் கையில்லை. மேலும், மாடு முதலில் விழுங்கிவிட்டுப் பிறகு சாவகாசமாக அசைபோடும் பிராணி. ஆகவே பை பையாகவே உள்ளே போகிறது. முதல் இரைப்பையில் தங்கிவிடும் பாலிதீன் செரிப்பதில்லை. சாணத்தோடு வெளியேறுவதும் இல்லை. வயிறு உப்பி, கொழுத்ததுபோலத் தெரியும் மாடு உண்மையில் பட்டினி கிடக்கிறது.

மாடு ஏன் தெருவுக்கு வந்தது? பால் கறந்ததும் அவிழ்த்துவிட்டால் சொந்தக்காரருக்குத் தீவனச் செலவு மிச்சம். நாம் எறிந்த குப்பையைத் தின்ற மாட்டின் பால் நம் டம்ளருக்கே திரும்பி வந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

கருணா சொசைட்டியும் வேறு சிலரும் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். பிளாஸ்டிக் பைகள் அடுத்த தலைமுறைக்கு அணுகுண்டைவிடப் பெரிய ஆபத்தாகக்கூடும் என்ற பொருளில் நீதிபதிகள் கவலை தெரிவித்தார்கள். விதிகளும் படிப்படியாக இறுகின. பையின் குறைந்தபட்ச கனம் 2011-ல் 40 மைக்ரான் என்று இருந்தது. 2016-ல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120 என்று உயர்ந்தது. ஸ்ட்ரா, பிளாஸ்டிக் ஸ்பூன், தட்டு, கப் போன்ற ஒரு முறை பயன்படுத்தி எறியும் சாமான்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் 2020-21-ல் மட்டும் நாட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. தடைக்குப் பிறகும் காய்கறி மார்க்கெட்டுக்குப் போனால் ஊதினால் பறக்கும் பையில் கத்தரிக்காய் கிடைக்கிறது. பசுவும் அதே குப்பைத் தொட்டியருகில்தான் நிற்கிறது.

அப்படியானால் டாக்குமென்டரிகளால் எதுவும் நடக்காதா? நடந்திருக்கிறது, அதுவும் ஒரே வருஷத்தில். மைக் பாண்டே 2000-ல் எடுத்த ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ அதற்கு உதாரணம். உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையோரம் வேட்டையாடப்பட்டதை அந்தப் படம் காட்டியது. கொக்கியில் பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டிப் பிடித்ததால் மீனவர்கள் அந்த மீனையே ‘பேரல்’ என்றுதான் அழைத்தார்கள். ஈரலில் எடுத்த எண்ணெய் படகுகளுக்குப் பூச, இறைச்சி வெளிநாட்டுக்கு. படத்துக்கு ‘பசுமை ஆஸ்கர்’ எனப்படும் பாண்டா விருது கிடைத்தது. 2001 மே மாதம் மத்திய அரசு திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அடுத்த ஆண்டு சர்வதேச வர்த்தகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

சட்டத்தோடு நின்றிருந்தால் இதுவும் காகிதமாகவே போயிருக்கும். 2004-ல் தன்னார்வ அமைப்புகள் மீனவர்களிடம் போயின. ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு தேடி வரும் மகள் இந்த மீன் என்றார். ‘பேரல்’ என்ற பெயர் மாறி, ‘பிரியமானவள்’ என்று பொருள்படும் குஜராத்திப் பெயர் வந்தது. வலையை அறுத்து மீனை விடுவிக்கும் மீனவருக்கு நஷ்டஈடு தரவும் மாநில அரசு ஏற்பாடு செய்தது. அதன்பின் நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

ஒரு படம் வென்றது, இன்னொன்று திணறுகிறது. ஏன்? சுறா விஷயத்தில் படம் பார்த்தவர் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. டெல்லியில் உட்கார்ந்து கண்கலங்கலாம். கொல்பவர் யாரோ, வாங்குபவர் யாரோ. இழப்பு ஒரு கரையோரத்து மீனவர்களுக்கு மட்டும். அதற்கும் ஈடு தர முடிந்தது. பாலிதீன் பை விஷயத்தில் படம் பார்ப்பவர்தான் பையின் வாயைக் கட்டியவர். பாத்திரமோ துணிப்பையோ எடுத்துப்போகாமல் கடைக்குப் போகும் சௌகரியத்தை அவர் விட்டாக வேண்டும். அதற்கு யாரும் நஷ்டஈடு தர மாட்டார்கள்.

பழியை முழுக்க அவர் தலையில் போடுவதும் நியாயமாகாது. குப்பையைப் பிரித்து வாங்க ஆள் வராத தெருவில் இல்லத்தரசி என்ன செய்வார்? மெல்லிய பையைத் தயாரிக்கும் இடத்திலேயே தடுப்பது அரசின் வேலை. சில்லறை வியாபாரியை மட்டும் பிடித்து அபராதம் போடுவது சுலபமான வழி, அவ்வளவுதான்.

எறிபவருக்கும் அள்ளுபவருக்கும் உள்ள தூரத்தை இன்னும் மென்மையாகக் காட்டுகிறது மேக்னா குப்தாவின் ‘அன்ராவல்’ (2012). வெறும் 14 நிமிடம். மேலை நாட்டவர் கழித்துப்போட்ட துணிகள் மூட்டை மூட்டையாக ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வருகின்றன. பெண்கள் பட்டனையும் ஜிப்பையும் வெட்டி எடுக்கிறார்கள். துணி பஞ்சாகி, நூலாகி, மலிவான கம்பளியாகிறது. அதிகம் உடுத்தாத துணியை ஏன் எறிகிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குப் புரியவில்லை. அங்கே தண்ணீர் விலை அதிகம், துவைக்கக் கட்டுப்படியாகாது போலிருக்கிறது என்று அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள். சிரிப்பு வருகிறது. பிறகு நம் அலமாரி ஞாபகத்துக்கு வருகிறது, சிரிப்பு நின்றுவிடுகிறது.

இந்தப் படங்களின் பலம் அங்கேதான் இருக்கிறது. பூமி அழிகிறது என்று பயமுறுத்தினால் ரசிகர் கொட்டாவி விடுவார். அவர் கையிலிருக்கும் பை எந்த வயிற்றில் போய் முடிகிறது என்று காட்டினால் அவர் தப்பிக்க முடியாது. நம் தியேட்டர்களில் டாக்குமென்டரிக்கு இடமில்லை, டி.வி.யில் எப்போதாவது வரும். 2002-ல் தொடங்கிய ‘வாதாவரண்’ போன்ற சுற்றுச்சூழல் திரைப்பட விழாக்களுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே துணிப்பை வைத்திருப்பவர்கள். பார்க்க வேண்டியவர் காய்கறிக் கடையில் நிற்கிறார்.

இன்று இரவு அடுப்படியில் குப்பையைப் பையில் போட்டு முடிச்சுப் போடும்போது கை ஒரு நொடி தயங்கினால் படம் வேலை செய்கிறது என்று அர்த்தம். தயங்காவிட்டால், எங்கோ ஒரு டாக்டர் மறுபடியும் கையை உள்ளே விட வேண்டியதுதான்.