மலைநாட்டுத் தோட்டத் தொழிலுக்கு முதல் வண்டி

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் மரக்கறிச் செய்கையில் ஈடுபட்டுள்ளோர் பலர், செய்கை ஓய்ந்த நாட்களில் நிழல் மரங்களின் கிளை கழித்தல், வேலி கத்தரித்தல், விடுதிகளினதும் பங்களாக்களினதும் பூந்தோட்டங்களைப் பராமரித்தல் முதலிய வேலைகளையும் ஒப்பந்தமாக ஏற்று வருகின்றனர். ஓரளவு பணம் சேர்ந்ததும் சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும் என்னும் எண்ணம் இவர்களுக்கு எழுவது இயல்பே. ஆயினும் வண்டி பார்க்கச் செல்வோர் முதலில் வினவுவது இயந்திரத்தின் வலு எவ்வளவு என்பதையும், விலை எவ்வளவு என்பதையுமே. மலைநாட்டில் முதலில் வினவ வேண்டியது, முழுப் பாரத்துடன் இறக்கத்தில் வரும்போது இவ்வண்டி நிற்குமா என்பதாகும். ஏற்றத்தில் வலுவற்ற வண்டி நின்றுவிடும்; அதனால் நேரம் மட்டுமே வீணாகும். இறக்கத்தில் நிற்காத வண்டியினால் நேரும் நட்டம் அத்தகையதன்று.

வண்டி வாங்குமுன் ஒரு கொப்பியை வாங்குதல் நன்று. மூன்று மாத காலத்துக்கு, எந்நாளில் என்ன பாரம், எவ்விடத்திலிருந்து எவ்விடத்துக்கு, எந்த வாடகை வண்டியில், என்ன கூலிக்குச் சென்றது என்பதை அதிற் குறித்து வருக. பாரங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. லீக்ஸ், சலாது, கழித்த கிளைகள் ஆகியவை இடத்தை அடைக்கும், நிறை குறைவு. கரட், உருளைக்கிழங்கு, பச்சை விறகு ஆகியவை பின்பெட்டியின் அடித்தட்டிலேயே அளவை முடித்துவிடும். ஏழடி நீளமும் நாலரையடி அகலமும் கொண்ட பெட்டியில் புதிதாய் வெட்டிய யூக்கலிப்டஸ் விறகை ஓரடி உயரத்துக்கு அடுக்கினாலே 600 கிலோகிராம் வரை வரும். இரண்டடி உயரத்துக்கு அடுக்குபவர், 750 கிலோகிராமுக்கென அமைந்த வண்டியில் 1,200 கிலோகிராம் ஏற்றுகிறார். விறகு காய்ந்தபின் ஏற்றினால் இதே இடத்தில் நிறை வெகுவாகக் குறையும். இரண்டு மாதம் பொறுக்க முடியுமாயின் பொறுத்தல் தகும்.

இறக்கத்தின் தன்மையைச் சிறிது விளக்க வேண்டும். பாரத்துடன் 1,500 கிலோகிராம் நிறையுள்ள சிறு லொறியொன்று நுவரெலியாவிலிருந்து புறப்பட்டு 3,000 அடி கீழிறங்குகிறது என வைத்துக்கொள்வோம். அவ்வளவு நிறை அவ்வளவு உயரம் இறங்குவதால் வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 40 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இச்சூடு எங்கேயாவது செல்லத்தான் வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் பெரும் பங்கை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். கியரை விடுவித்து, எரிபொருள் மிச்சம் என்று கருதி உருண்டு வருபவர், முழுவதையும் நான்கு சில்லுகளின் பிறேக்குகள் மீதே சுமத்துகிறார். பிறேக்கின் உராய்வுப் பட்டை அளவுக்குமேற் சூடேறினால் பிடிமானத்தை இழக்கும். பிறேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சும் தன்மையது. பனியும் மழையும் மிகுந்த எமது பகுதியில் அதனை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றாதுவிடின், சூடேறியவேளை அவ்வீரம் ஆவியாகி, மிதித்த பிறேக் தரைவரை வெறுமனே சென்றுவிடும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லொறிச் சாரதிகள் கூறுவது இக்காரணம் பற்றியே.

இவ்வீதிகளின் கடுமை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நுவரெலியாவிற் பண்ணை அமைக்க முனைந்த ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர், 1848இல் ஆட்களையும் விலங்குகளையும் கருவிகளையும் கப்பலிற் கொண்டுவந்தார். மலையேறிய அவருடைய குதிரை வண்டி றம்பொடைக் கணவாயிற் பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. வண்டிக்காரன் குடித்திருந்தான் என்பது அவர் நூலிலிருந்து தெரியவரும் செய்தி. எமது காலத்திலோ 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லக் குறுக்கு வீதியில் பேருந்தொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் இறந்தனர். 2025 மே மாதத்தில் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியிற் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எமது கோவாவும் கரட்டும் செல்லும் வீதிகள் இவையே.

இனி வண்டிகளை நோக்குவோம். எக்கம்பனியின் வண்டியையும் பரிந்துரைத்தல் எமது நோக்கமன்று.

வலப்பனை, ஹங்குராங்கெத்த, கொத்மலைப் பகுதிகளில் வயலும் மரக்கறியும் சேர்த்துச் செய்வோர் பெரும்பாலும் இரு சில்லு உழவு இயந்திரத்தையே முதலில் நாடுவர். உழவுக்கும் உதவும், பெட்டியைப் பூட்டினால் பாரமும் இழுக்கும் என்பதால் இது சிக்கனமாகத் தோன்றுகிறது. இவ்வியந்திரத்தை எம்மவர் எந்தக் கம்பனி செய்தாலும் லேண்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். அப்பெயருடைய இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜயவர்தன ஆவார். எருமை செய்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றியதல்லாமல் வேறென்ன செய்தோம் என்று பின்னாளில் அவரே ஐயம் எழுப்பினார். உழாமற் பயிரிடும் முறைகளிலும், சாய்வு நிலங்களிற் சமவுயரக் கோட்டில் கிளிரிசிடியா வேலி நாட்டி மண்ணைக் காக்கும் முறையிலும் அவர் கருத்தைச் செலுத்தினார். தம் கைவண்ணத்தைத் தாமே இவ்வாறு ஆராய்ந்தவர் சிலரே. நிற்க, இவ்வியந்திரத்தை மட்டமான வயலில் அறிந்தவர், மலைவீதியில் அறிந்தவராகார். அதற்கான காரணத்தைப் பலர் கேள்விப்பட்டதில்லையாதலின் இங்கு விரிவாகக் கூறுகிறோம்.

கைப்பிடிகளின் கீழ் இரு பக்கமும் ஒவ்வொரு திருப்புப் பிடி உண்டு. இடப் பிடியை அழுத்தினால் இடச் சில்லுக்குச் செல்லும் வலு அறுபடும். வலச் சில்லு மட்டும் உந்த, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். மட்ட நிலத்திலும் ஏற்றத்திலும் இவ்வாறே. இறக்கத்திலோ, பாரமேற்றிய பெட்டி பின்னாலிருந்து தள்ள, இயந்திரம் சில்லுகளை உந்தாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அவ்வேளை இடப் பிடியை அழுத்தினால், இடச் சில்லு பிடிவிட்டு விரைந்தோடும். வலச் சில்லு பிடிபட்டபடியே இருக்கும். ஆகவே இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். இடப்பக்க வளைவில் இடப் பிடியை அழுத்தியவர் வலப்பக்கப் பள்ளத்தை நோக்கிச் செல்வது இதனாலேயே. திகைத்து மேலும் இறுக அழுத்தினால் மேலும் அவ்வழியே செல்லும். இறக்கத்தில் திருப்புப் பிடியைத் தொடாது, மிகத் தாழ்ந்த கியரில், பெட்டியின் பிறேக்கை முதலில் மிதித்து, கைப்பிடியை உடல் வலுவாலேயே திருப்பப் பழக வேண்டும். பெட்டியில் பிறேக் செவ்வையாக இல்லாத இயந்திரத்தை மலைவீதிக்குக் கொண்டுவரவே கூடாது. பாரத்தின் பெரும்பகுதி அச்சுக்குச் சற்று முன்னே அமைய வேண்டும். பின்னே அமைந்தால் பூட்டுமிடம் மேலெழுந்து, முன் சில்லுகள் நிலத்தைப் பற்றாது வழுக்கும். எமது கருத்தில், வயலும் வீடும் அருகருகே உள்ளவருக்கு இது நல்ல வண்டி. கந்தப்பளையிலோ இராகலையிலோ மலைச்சரிவிற் செய்கை செய்பவருக்கு முதல் வண்டி இதுவன்று.

சரக்கு முச்சக்கர வண்டி விலை குறைந்தது. ஒடுங்கிய பாதையிற் செல்லும். ஏணி, கத்தரி, புல்வெட்டும் இயந்திரம், இரண்டு மூன்று பசளை மூடை ஆகியவற்றோடு பூந்தோட்ட வேலைக்குச் செல்வோருக்குப் போதுமானது. முன்னால் ஒரே சில்லாதலால், உயர அடுக்கிய பாரத்துடன் இறக்க வளைவிற் கவிழும் இயல்புடையது என்பதை மறத்தலாகாது.

நான்கு சில்லுச் சிறு லொறி, அதாவது எம்மவர் பட்டா என்று கூறும் வகை, மரக்கறிக்கும் மர வேலைக்கும் பொதுவாக ஏற்றது. ஆயினும் அது தோட்டத்துப் பாதையிற் செல்லுமா என்பதை வாங்குமுன் அளந்தறிக. ஐந்தடிக் கோலொன்றைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு பாத்தி வரை நடந்து பார்த்தால் அறியலாம். கோலின் இருபுறமும் ஒரு முழம் இடைவெளி இல்லாத இடத்தில் சில்லு கானுக்குள் இறங்கும். தேயிலைத் தோட்டப் பாதையெனின் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். வண்டி வந்தபின் கேட்பது முறையன்று. 6,000 அடி உயரத்திற் காற்றின் அடர்த்தி குறைவாதலால், டர்போ இல்லாத இயந்திரம் தன் வலுவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கை இழக்கும். கொழும்பில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தவர் இங்கு வந்து ஏமாற்றமடைவது இதனால்.

மரக்கறியைச் சாக்கில் அடைத்துத் திணிப்பதால் நசிந்து வீணாவது அதிகம். 2011 இறுதியில் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கட்டாயமாக்கிய விதி, செய்கையாளரும் வியாபாரிகளும் எதிர்த்ததால் நிறுத்தி வைக்கப்பட்டது. கட்டாயம் போயிற்று, ஆனால் பெட்டியின் பயன் போகவில்லை. இரண்டடி நீளப் பெட்டிகளை மேற்கூறிய அளவுள்ள வண்டியில் அடுக்குக்கு ஒன்பதாக வைக்கலாம். நான்கு அடுக்கில் 36 பெட்டி. பெட்டிக்கு 20 கிலோகிராம் எனின் 720. வெறும் பெட்டிகளின் நிறையையும் சேர்த்தால் அளவு கடந்துவிடுமாதலின், நான்காம் அடுக்கைப் பாதியோடு நிறுத்துக.

பணத்தைப் பற்றி: மேற்கூறிய கொப்பி இங்கு பயன்படும். வருடத்துக்கு 60 தடவை வாடகை லொறி பிடித்தீர்கள், தடவைக்கு 6,000 ரூபா கொடுத்தீர்கள் என உதாரணமாகக் கொண்டால், மாதத்துக்கு 30,000 ரூபா ஆகிறது. லீசிங் தவணை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டீசல், டயர் யாவும் சேர்ந்து இதற்கு மேற்படுமாயின், மேலதிகத்தை அயலாருக்கு வாடகைக்கு ஓடிச் சம்பாதிக்க வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் உண்டா எனச் சிந்திக்க வேண்டும். தவணையை நல்ல மாதத்து வருமானத்தைக் கொண்டு கணிக்காதீர்கள். கோவா விலை விழுந்து வயலிலேயே விடப்படும் மாதத்திலும் தவணை நாள் வரும். இரண்டு மூன்று தவணை தவறி, வண்டியையும் இழந்து, முற்பணத்தையும் இழந்த குடும்பங்கள் எமது பகுதியில் உள்ளன. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டில் முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றரே கிடைத்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அயலவர் இருவர் மூவர் ஒரே நாளில் அறுவடை செய்து ஒரே வண்டியில் சந்தைக்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் உதவியது, இப்போதும் உதவும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே பரவலாகத் திறக்கப்பட்டதால், இடைக்காலத்தில் பழைய வண்டிகள் மிதமிஞ்சிய விலைக்கு விற்கப்பட்டன. பழைய வண்டி வாங்குவோர் வெளிப் பூச்சையும் வண்ண விளக்குகளையும் பார்த்து மயங்க வேண்டாம். கீழே படுத்துச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பசளையும் சேறும் படிந்த இடத்தில் துரு தின்றிருக்கும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக நிதிக் கம்பனியின் பெயர் இருப்பின், கடன் தீர்ந்ததற்கான கடிதமின்றி ஒரு சதமும் கொடுக்கலாகாது. சாரதி அனுமதிப்பத்திரத்திலும் வகை உண்டு: இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜீ1, முச்சக்கர வண்டிக்கு பீ1. மரக்கட்டை ஏற்றுவதாயின், எம்மரத்துக்கு அனுமதி வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்திற் கேட்டறிந்தபின் ஏற்றுக.

விலை பேசி முடிக்குமுன், வழக்கமாக ஏற்றும் பாரத்தைச் சொந்தச் செலவில் ஏற்றி, உமது பாதையின் மிகச் சரிந்த இறக்கத்தில் அவ்வண்டியை ஓட்டிப் பார்க்க விற்பவரிடம் கேட்க வேண்டும். நடுவில் நிறுத்திக் கைப்பிறேக்கை மட்டும் இழுத்துப் பத்து நிமிடம் விடுக. முன்னெச்சரிக்கையாகக் கீழ்ப்பக்கச் சில்லுகளுக்குச் சிறிது இடைவெளி விட்டு மரக்கட்டைகளை வைத்துவிட்டே இதனைச் செய்தல் வேண்டும். வண்டி கட்டையைத் தொட்டுவிட்டால் பிறேக்கைத் திருத்தித் தரும்வரை வாங்கற்க. அக்கட்டைகளைப் பின்னர் எறிந்துவிடாது வண்டியிலேயே வைத்துக்கொள்க. சந்தையிற் பாரம் இறக்கும்போது நாள்தோறும் வேண்டியவை அவை.