எஞ்சினின் தூய்மையைத் தீர்மானிப்பது ஒயிலின் விலையல்ல

மோட்டார் வாகனம் என்பது இன்று எமது நாட்டில் இலகுவில் மாற்றிக்கொள்ளக்கூடிய பொருளன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், ஏற்கனவே வீதியில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. இறக்குமதி மீண்டும் ஆரம்பமான பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் என்பது சாதாரண குடும்பமொன்றுக்கு எட்டாக்கனியாகவே இருக்கின்றது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றியிறக்கும் வானின் உரிமையாளருக்கும் எஞ்சின் பழுதடைவது வெறும் திருத்தச் செலவு மட்டுமல்ல. அன்றாட வருமானமே நின்றுபோவதாகும். இந்நிலையில், எஞ்சினின் ஆயுளோடு நேரடியாகத் தொடர்புடைய ஒயில் விடயத்தில் எம்மவர் மத்தியில் நிலவும் சில தவறான எண்ணங்களைச் சுட்டிக்காட்டுவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

கறுத்துப்போன ஒயில் தரம் குறைந்தது, தடிப்பான ஒயிலே எஞ்சினுக்குப் பாதுகாப்பானது, விலை கூடியது எதுவோ அதுவே எஞ்சினைச் சுத்தமாக வைத்திருக்கும் என்ற மூன்று கருத்துகளும் பரவலாகக் கேட்கப்படுபவை. இவற்றுள் எதுவுமே முழு உண்மையல்ல. இதனைப் புரிந்துகொள்வதற்கு, மூடப்பட்ட ஓர் எஞ்சினுக்குள் அழுக்கு எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் நோக்க வேண்டும்.

எஞ்சினுள் சேரும் அழுக்கின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதன்று. எரிபொருள் எரிவதனால் உள்ளேயே பிறப்பது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உருவாகின்றது. அதன் பெரும்பகுதி புகைக் குழாய் வழியே வெளியேறினாலும், ஒரு சிறு பகுதி எரியாத பெற்றோல், கரித்துகள், அமிலத் தன்மையுள்ள வாயுக்கள் ஆகியவற்றோடு பிஸ்டன் வளையங்களின் இடுக்குகளினூடாகக் கீழிறங்கி ஒயிலில் கலக்கின்றது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்டநேரம் ஓடினால் இந்த நீரும் பெற்றோலும் ஆவியாகி அகன்றுவிடும். சூடேறுவதற்கு முன்னரே நிறுத்தப்பட்டால் அவை ஒயிலிலேயே தங்கி, கரியோடு சேர்ந்து களிபோன்ற கசடாக மாறும். மறுபுறத்தில், கடும் வெப்பத்தில் ஒயில் ஒட்சிசனுடன் தாக்கமுற்று, பிஸ்டனின் பக்கங்களில் அரக்குப் பூச்சுப் போன்ற படிவை ஏற்படுத்துகின்றது. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயரும்போதும் இத்தாக்கத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகின்றது என்பது பொதுவான கணிப்பாகும். ஆக, எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஓடினாலும் கெடுதி. அளவுக்கு மீறிச் சூடானாலும் கெடுதி.

யாழ். குடாநாட்டு வாசகர்களுக்கு இதனை விளக்குவதற்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1990 களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், அங்கு மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் சிறிதளவு பெற்றோலில் இயக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியமை அனைவரும் அறிந்ததே. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சியது சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து ஒயிலில் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்தது. எரிந்தது கரியைப் படியவைத்தது. எரிபொருளின் குறைபாடு இறுதியில் ஒயிலின் தலையிலேயே விழுகின்றது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

மோட்டார் வாகனங்களின் தொடக்க காலத்தில் எஞ்சின் ஒயில் என்பது வெறும் கனிய எண்ணெயாகவே இருந்தது. 1930 களில் கட்டர்பில்லர் நிறுவனத்தின் டீசல் உழவு இயந்திரங்களில் பிஸ்டன் வளையங்கள் கரிப்படிவினால் ஒட்டி இறுகிப்போன பிரச்சினை பெரிதாக எழுந்ததை அடுத்தே, ஒயிலில் அழுக்கு நீக்கும் சேர்பொருள்களைக் கலக்கும் வழக்கம் வேரூன்றியது. இன்றைய ஒயிலில் இருவகைச் சேர்பொருள்கள் இப்பணியைச் செய்கின்றன. ஒருவகை, கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் சேர்வைகளாகும். இவை அமிலத்தை நடுநிலையாக்குவதோடு, சூடான உலோகப் பரப்புகளில் படிவு ஏற்படாமல் தடுக்கின்றன. மற்றவகை, நுண்ணிய கரித்துகள்களைத் தனித்தனியே சூழ்ந்துகொண்டு, அவை ஒன்றோடொன்று திரண்டு கசடாகாதவாறு ஒயிலில் மிதக்கவைக்கின்றன. இத்துகள்கள் ஒயில் பில்டரில் அகப்படாத அளவுக்குச் சிறியவை. எனவே ஒயில் கறுக்கத்தான் செய்யும். டீசல் எஞ்சினில் புதிய ஒயில் ஊற்றிய சில தினங்களிலேயே கறுத்துவிடுவது இயல்பானது. எஞ்சினில் படிந்திருக்கவேண்டிய அழுக்கை ஒயில் தன்னகத்தே சுமந்துகொண்டிருக்கின்றது என்பதே அதன் பொருள். நீண்டகாலம் ஓடியும் நிறம் மாறாத ஒயிலைக் கண்டு மகிழ்ச்சியடைவதற்கு அவசியமில்லை.

அவ்வாறாயின் நல்ல ஒயிலை எவ்வாறு இனங்காண்பது? வர்த்தகப் பெயரைவிடவும், விளம்பரப் படத்தைவிடவும், கலனின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள குறியீடுகளே முக்கியமானவை. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் எனப்படும் ஏ.பி.ஐ. அமைப்பு, பெற்றோல் எஞ்சின்களுக்கான ஒயிலை 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் தரங்களாகவும், டீசல் எஞ்சின்களுக்கானதை 'சி' என்ற எழுத்தில் தொடங்கும் தரங்களாகவும் வகுத்துள்ளது. இரண்டாவது எழுத்து ஆங்கில நெடுங்கணக்கில் எவ்வளவு பின்னே வருகின்றதோ, அவ்வளவுக்கு அத்தரம் புதியது. 2020 மே மாதத்தில் 'எஸ்.பி.' தரமும், 2025 மார்ச் மாதத்தில் 'எஸ்.கியூ.' தரமும் நடைமுறைக்கு வந்தன. 'எஸ்.எப்.' தரமானது 1988 இற்குப் பின்னர் தயாரிக்கப்பட்ட பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்களுக்குப் பொருத்தமற்றது என அதே அமைப்பு அறிவித்துள்ளது. விலை மலிவு என்பதற்காக 2010 இற்குப் பின்னர் தயாரான காருக்கு அவ்வாறான ஒயிலை ஊற்றுவது எத்துணை பாதகமானது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தரங்கள் வெறும் பெயர்ச் சீட்டுகளல்ல. 'எஸ்.பி.' தரத்தைப் பெறுவதற்கு ஓர் ஒயில், நகர வீதியில் நின்று நின்று ஓடும் நிலைமையை ஒத்த பரிசோதனையொன்றில் 216 மணித்தியாலங்கள் எஞ்சினை ஓட்டிக் காட்டவேண்டும். அதன்பின் எஞ்சின் பிரிக்கப்பட்டு, படிந்துள்ள கசடு பாகம் பாகமாகப் புள்ளியிடப்படுகின்றது. எஞ்சினைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று விளம்பரத்தில் சொல்லப்படுவதற்கும், பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கல்சியச் சேர்பொருள் அதிகமாக உள்ள ஒயில், டேர்போ பொருத்தப்பட்டு எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் விசிறப்படும் புதிய வகை எஞ்சின்களில் முன்கூட்டியே தீப்பற்றும் தன்மையைத் தூண்டுவதாகக் கண்டறியப்பட்டது. அதனால் 'எஸ்.பி.' தரத்தில் அதனையும் தடுக்கும் நிபந்தனை சேர்க்கப்பட்டது. அழுக்கு நீக்கும் மருந்து கூடக்கூட நல்லது என்று எண்ணி, கடைகளில் விற்கும் மேலதிகச் சேர்பொருள்களை ஒயிலோடு கலப்பவர்கள் இதனைக் கவனத்திற் கொள்வது நன்று.

அடுத்தது ஒயிலின் தடிப்பு. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்றவாறு குறிக்கப்படும் எண்கள் ஒயிலின் பாகுநிலையைக் காட்டுபவையேயன்றி, அதன் தூய்மையாக்கும் ஆற்றலைக் காட்டுபவையல்ல. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முந்திய எண் குளிர்ந்த நிலையிலும், பிந்திய எண் சூடான நிலையிலும் ஒயிலின் தன்மையைச் சுட்டுகின்றது. எமது நாட்டில் பனி பெய்வதில்லையே, எனவே தடித்த ஒயிலே போதுமானது என்று வாதிடுவோர் உளர். ஆனால் எமது சாதாரண காலை வெப்பநிலையிற்கூட, ஓடிச் சூடேறிய எஞ்சினில் உள்ளதைவிட ஒயில் பல மடங்கு தடிப்பாகவே இருக்கின்றது. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களின் நுண்ணிய ஒயில் வழிகள் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது, பழைய மொரிஸ் மைனருக்குப் பொருந்திய மருந்தை ஆள் மாறிக் கொடுப்பதற்கு ஒப்பானது. வாகனத்துடன் வழங்கப்படும் கைந்நூலில் குறிப்பிடப்பட்டுள்ள எண்ணே இவ்விடயத்தில் இறுதித் தீர்ப்பாகும்.

'சிந்தெற்றிக்' எனப்படும் செயற்கை ஒயில்கள் வெப்பத்தில் இலகுவில் ஒட்சியேற்றமடையாதவை என்பது உண்மையே. ஆனால் அச்சொல்லுக்கு எங்கும் ஒரே வரைவிலக்கணம் இல்லை. கனிய எண்ணெயை ஆழமாகச் சுத்திகரித்துப் பெறப்படுவதும் இன்று அதே பெயரில் விற்கப்படுகின்றது. அதனாற் குறையொன்றுமில்லை, எனினும் பெயருக்காக மட்டும் இரட்டிப்பு விலை கொடுத்துவிட்டு, மாற்றவேண்டிய காலத்தை நீடித்துக்கொண்டே போவது தவறாகும்.

ஏனெனில், எஞ்சினின் தூய்மையை இறுதியில் தீர்மானிப்பது ஒயிலை உரிய காலத்தில் மாற்றுவதேயாகும். அழுக்கைச் சுமக்கும் சேர்பொருளுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை கடந்ததும் சுமந்தவை அனைத்தும் கசடாக இறங்கும். புகழ்பெற்ற தயாரிப்புகளும் இதற்கு விலக்கல்ல. 1997 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்ட சில டொயோட்டா, லெக்ஸஸ் கார்களின் எஞ்சின்களில் கசடு தேங்கிப் பழுது ஏற்பட்டதாக அமெரிக்காவில் எழுந்த முறைப்பாடுகளை அடுத்து, 2002 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அவ்வகை எஞ்சின்களுக்கு எட்டு ஆண்டு காலச் சிறப்பு உத்தரவாதம் வழங்க நேர்ந்தது. ஒயில் மாற்றும் காலம் தவறும்போது சில எஞ்சின்கள் அதனைச் சிறிதும் பொறுப்பதில்லை என்பதே அதன் படிப்பினையாகும்.

கைந்நூல்கள் பலவற்றில் இரு கால எல்லைகள் தரப்பட்டிருக்கும்: ஒன்று சாதாரண பாவனைக்கு, மற்றது கடினமான பாவனைக்கு. வீட்டிலிருந்து பாடசாலைக்கும் சந்தைக்குமாக இரண்டு மூன்று கிலோ மீற்றர் ஓடுவதும், கொழும்பின் வாகன நெரிசலில் ஊர்ந்து செல்வதும், புழுதி வீதியில் பயணிப்பதும் கடினமான பாவனையே என்பதைப் பலர் உணர்வதில்லை. 10,000 கிலோ மீற்றர் என்று குறிப்பிடப்பட்ட இடத்தில் எமக்குப் பொருந்துவது 5,000 ஆக இருக்கக்கூடும். குறைவாக ஓடும் வாகனத்துக்கும் மாதக் கணக்கு உண்டு என்பதை மறத்தலாகாது. மேலும், சாதாரண ஒட்டோ டீசலில் கந்தகத்தின் அளவு சுப்பர் டீசலைவிட அதிகம். கந்தகம் எரிந்து அமிலமாவதால், அவ்வாறான வாகனங்களில் ஒயில் மாற்றத்தைப் பின்போடுவது மேலும் ஆபத்தானது.

நெடுங்காலம் கவனிப்பாரற்றிருந்த பழைய எஞ்சினை ஒரே நாளில் கழுவிவிட முயல்வதும் விவேகமன்று. வலிமையான கழுவும் திரவங்கள் கசடைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடக்கூடும். பொருத்தமான தரத்திலான ஒயிலை ஊற்றி, முதல் இரண்டு மூன்று தடவைகள் வழமையைவிடக் குறுகிய இடைவெளியில் பில்டருடன் மாற்றுவதே பாதுகாப்பான வழியாகும்.

இவையனைத்தும் கலனுக்குள் இருப்பது உண்மையான ஒயிலாக இருந்தால் மட்டுமே பயன்தரும். பாவித்த ஒயிலை வடித்து நிறமேற்றி, பிரபல நிறுவனங்களின் வெற்றுக் கலன்களில் அடைத்து விற்கும் மோசடி எமது சந்தைக்குப் புதியதன்று. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு உள்ளிட்ட அதிகாரத் தரப்பினர் இவ்விடயத்தில் கொழும்போடு நின்றுவிடாது, கிராமப்புறக் கடைகள் வரை தமது பரிசோதனைகளை விரிவுபடுத்த வேண்டும். பாவனையாளரும் மூடியின் முத்திரையைப் பார்த்து வாங்குவதோடு, பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெறவேண்டும். கராஜில் ஒயில் மாற்றியதும் வெற்றுக் கலனைத் துளையிட்டுவிடுவது ஒரு நிமிட வேலை. அது இன்னொருவரின் எஞ்சினைக் காப்பாற்றும்.

வடித்தெடுத்த பழைய ஒயிலை என்ன செய்கின்றோம் என்பதும் எமது பொறுப்பே. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே நீர் இறங்கும் யாழ்ப்பாணத்தில், சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டில் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளிக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. எஞ்சினைச் சுத்தமாக்கிய அழுக்கு எமது கிணற்று நீரைச் சென்றடையுமாயின் அதனால் எவருக்கும் இலாபமில்லை. உள்ளூராட்சி மன்றங்கள் பாவித்த ஒயிலைச் சேகரிப்பதற்கான ஒழுங்குகளைச் செய்வதும், கராஜ் உரிமையாளர்கள் அதற்கு ஒத்துழைப்பதும் காலத்தின் தேவையாகும்.

கைந்நூல் கூறும் தரமும் தடிப்பும், கலப்படமற்ற கலன், தவறாத கால அளவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால், நடுத்தர விலையிலான ஒயிலே ஓர் எஞ்சினைப் பல்லாண்டு காலம் தூய்மையாக வைத்திருக்கப் போதுமானது. இவற்றுள் ஒன்று தவறினாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஒயிலும் அந்தக் குறையை ஈடுசெய்யாது.